பதின்மூன்று குறைவு

மேட்டுப்பாளையம் கிடங்கில்
கலால் வில்லை ஒட்டுவது என் வேலை.
பாட்டிலுக்கு ஒன்று, கழுத்தில்,
நாளுக்கு ஆயிரத்து இருநூறு கழுத்து.
தொட்டுப் பார்த்தே ஊர் சொல்வேன்:
தோள் விரிந்தால் பொர்தோ,
தோள் சரிந்தால் பூர்கோஞ்.
ஒரு சொட்டும் குடித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியில்
பன்னிரண்டு குட்டையர்கள்.
கட்டைக் கழுத்து, பருத்த இடுப்பு,
பஞ்சாயத்துக்கு வந்து
சம்மணம் போட்டது போல.
எல்லாப் பாட்டிலும் எழுபத்தைந்து என்றால்
இதில் மட்டும் அறுபத்திரண்டு.
பதின்மூன்று சென்டிலிட்டர் எங்கே?

முருகவேள் சார் பேரேட்டைத் திறந்தார்.
'குறைவு' என்று அதில் ஒரு கட்டம்.
எதுவும் விழாமல் இருக்க
தினமும் கற்பூரம் காட்டுவார் அதற்கு.
"எழுது, அஞ்சலாட்சி."
பன்னிரண்டால் பெருக்கினேன்.
ஒன்றரை லிட்டருக்கு மேல்.
எழுதினேன்.

டிரைவர் இஞ்ஞாசி
லிசேயில் இரண்டு வருஷம் படித்துத் தோற்றவன்.
பெட்டிக்குள் கிடந்த தாளை
எழுத்துக் கூட்டினான்:

ழுரா. மலை நாடு. சுவிஸ் எல்லை ஓரம்.
சவாஞ்ஞன் என்று ஒரு வெள்ளைத் திராட்சை.
ஊரே பறித்து முடித்த பிறகுதான்
இதைப் பறிப்பார்களாம்.
பீப்பாயில் ஊற்றி மூடினால்
ஆறு வருஷம் மூன்று மாசம்.
"குறைஞ்சா மேல ஊத்த மாட்டாங்களா?"
"மாட்டாங்க. அதான் விஷயமே."
மேலே ஏடு கட்டுமாம்,
ஆறிய பாலில் கட்டுமே, அப்படி.
அந்த ஏட்டுக்கு அடியில் கிடந்து
கிடந்து
மஞ்சளாகுமாம்.
ஒரு லிட்டர் வைத்தால்
அறுபத்திரண்டு மிஞ்சும்.
அதற்கென்றே செய்த பாட்டில் இது.

"மிச்சம்?"
"காத்து குடிச்சிரும்."
"காத்துக்குக் கட்டம் இல்லப்பா" என்றார்
முருகவேள் சார், பேனாவை மூடாமல்.

அப்போதுதான்
கமலக்கண்ணியின் முழங்கை.
ஒன்பதாவது குட்டையன்.
சிமெண்டுத் தரை.

மூக்கைப் பொத்தத் தயாரானோம்.
வந்தது நெடி இல்லை.
எண்ணெய் காய்ந்து
வெந்தயம் சிவந்து
கருகுவதற்கு ஒரு நொடி முன்னால்
வருமே, அது.
லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள்
வெளியிலிருந்தே கத்தினார்கள்:
"யாரு இப்பவே டப்பாவத் தொறந்தது?"
மணி பதினொன்றுதான்.
கிடங்கு முழுக்கப் பசி.

இதற்குத் தோதான தீனி என்னவென்றும்
தாளில் போட்டிருந்தது.
ஒன்றரை வருஷம் முற்றிய கோந்த்தே பாலாடைக்கட்டி,
உடைத்த வால்நட்,
வசந்தத்தில் காட்டில் முளைக்கும் காளானோடு
இந்த ஒயினிலேயே வெந்த சேவல்.
பாட்டில் என்ன விலை என்றாள் கமலக்கண்ணி.
சொன்னான்.
"சேவலுக்கு வந்த வாழ்வு."

என் டப்பாவில்
வாளைக் கருவாடு, மொச்சை, கத்திரிக்காய்.
முதுநகர்ச் சந்தையில் வாங்கிய கருவாடு.
வெந்தயம் தூக்கலாகத் தாளித்திருந்தேன்.
உடைந்த அடிப்பாகத்தில்
இரண்டு கரண்டி தேங்கி நின்றது.
தலைப்பை மூன்றாக மடித்து வடிகட்டினேன்.
யாரும் பார்க்கவில்லை என்று
எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள்.

இனிக்கும் என்று நினைத்தேன்.
துளி இனிப்பு இல்லை.
முதலில் புளி,
பிறகு கொட்டைப் பருப்பின் தோல்,
பிறகு உப்பே போடாத ஓர் உப்பு.
கருவாட்டை அது அடக்கப் பார்க்கவில்லை.
கருவாடும் அதை விரட்டவில்லை.
குழாயடியில் இடம் விட்டு நிற்கிற
இரண்டு வீட்டுக்காரிகள்.
கை கழுவியும்
தொண்டையில் ஒரு விளக்கு அணையவில்லை,
மூன்று மணி தேநீர் வரை.

பதினொன்று போய்விட்டது வெள்ளை வேனில்
கடற்கரைச் சாலை ஓட்டலுக்கு.
அங்கே எலுமிச்சை பிழிந்த மீனோடு
வைக்கத்தான் போகிறார்கள்.
சொல்வதற்கு எனக்கு வழி இல்லை.

உடைந்த கழுத்தில்
நான் ஒட்டிய வில்லை மட்டும் கிழியாமல் நின்றது.
அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், சட்டம்.
மறுநாள் கலால் அலுவலகம்,
மூன்று கையெழுத்து.
கண்ணாடித் துண்டை வாங்கிய அதிகாரி
எண்ணைச் சரிபார்க்கக் குனிந்தார்,
குனிந்தபடியே சற்று நின்றார்,
பிறகு கேட்டார்:
"சாப்டாச்சாம்மா?"